டிக் போட்டாச்சு, ஐகான் எங்கடா?

வயித்தெரிச்சல கொட்டாம இன்னைக்கு தூக்கம் வராது. மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல சின்னதா போட்டோஸ்டெட் கடை, டைப்பிங், பாரம் நிரப்புறது எல்லாம் உண்டு, இருக்குற பழைய கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் லினக்ஸ்தான், விண்டோஸுக்கு வெள்ளி கொட்டிக் குடுக்க நான் என்ன தோட்ட முதலாளியா. நல்லாத்தான் ஓடுது, அதுல குறை இல்ல. ஆனா இந்த மெனு ஐகான், அதான் மெனுல ஒவ்வொரு வரி பக்கத்துலயும் வர்ற குட்டிப் படம், இருக்கே, அலாமாக்!

செட்டிங்ல 'மெனுல படம் காட்டு'ன்னு ஒரு டிக் பாக்ஸ். டிக் போட்டாச்சு. ஃபைல் மேனேஜர்ல ஐகான் வருது, டெக்ஸ்ட் எடிட்டர்ல ஒண்ணுத்தையும் காணோம், சரி கழுதை எங்கயுமே வேணாம்னு டிக்க எடுத்தா சில ஆப்ல ஐகான் நகராம அப்படியே உக்காந்திருக்கு. போடுன்னா போட மாட்டேங்குது, எடுன்னா எடுக்க மாட்டேங்குது, அப்புறம் எதுக்குய்யா அந்த டிக் பாக்ஸ், அழகு பாக்கவா?

இது நேத்து வந்த வியாதி இல்ல. 2009 செப்டம்பர்ல க்னோம் 2.28, அதான் லினக்ஸ்ல நம்ம கண்ணுக்குத் தெரியுற டெஸ்க்டாப், வந்தப்பவே மெனுலயும் பட்டன்லயும் டீஃபால்ட்டா ஐகான் கிடையாதுன்னுட்டாங்க, ஆனா அப்ளிகேஷன், ஃபைல், புக்மார்க், டிவைஸ் இதுக்கெல்லாம் மட்டும் இருக்கலாமாம். பாதி தலை மொட்டை, பாதி தலை குடுமி. சரி, அப்ப ஆன் பண்ணவாவது வழி இருந்துச்சு. 2013ல ஜிடிகே 3.10, அதாவது க்னோம் ஆப்புக்கெல்லாம் மெனு, பட்டன் வரைஞ்சு குடுக்குற சாமான், வந்து அந்த செட்டிங்கையும், ஐகானோட வர்ற ரெடிமேட் மெனு ஐட்டத்தையும் 'இனிமே இத தொடாதீங்க'ன்னு ஓரங்கட்டுச்சு. ஐகான் வேணும்னா ஆப் எழுதுறவரே ஒரு பெட்டிக்குள்ள படத்தையும் எழுத்தையும் அடுக்கிக்கணும்னு அவங்க டாக்குமென்டேஷனே சொல்லுது. அப்படி கையால அடுக்குன ஐகானுக்கு நம்ம டிக் பாக்ஸ் யாருன்னே தெரியாது, அதான் எடுத்தாலும் போகல! 2020 டிசம்பர்ல ஜிடிகே 4 வந்தப்ப செட்டிங்கே காலி. இதுல டைப்பிங்குக்கு வெச்சிருக்குற லிப்ரே ஆபிஸ் தனி ராஜ்யம், டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூன்னு உள்ள போய் மெனு ஐகானுக்கு ஆட்டோமேட்டிக்கா, மறைக்கவா, காட்டவான்னு வேற ஒரு தடவ சொல்லணும்.

ஐகான் கண்ண உறுத்துதுன்னு சொல்றவங்க பேச்சுல ஞாயம் இல்லாம இல்ல, வரிக்கு வரி படம் இருந்தா கசகசன்னுதான் இருக்கும். ஆனா என் கடையில வேலை செய்யுற அக்கா தோட்டத்து தமிழ்ப்பள்ளியில ஆறாவதோட நின்னவங்க, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி படிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும், ஆனா கட் பண்ண கத்திரிக்கோல், பிரிண்ட் எடுக்க பிரிண்டர்னு படம் தெரிஞ்சா என்னைவிட ஸ்பீடு. சம்பளம் போட்ட அன்னைக்கு ஐசி (அடையாள கார்டு) காப்பி எடுக்க வாசல் வரைக்கும் ஆளு நிக்குறப்ப "தம்பி, இந்த கம்ப்யூட்டர்ல கத்திரிக்கோலக் காணோம்"னு சத்தம் போடுறாங்க, நான் பிரிண்டர்ல மாட்டுன பேப்பர உருவுவேனா, ஓடிப்போய் கத்திரிக்கோலத் தேடுவேனா, சொல்லுங்க லா. மொழிய தமிழுக்கு மாத்துன்னு அட்வைஸ் பண்ண வராதீங்க, மாத்திப் பாத்தாச்சு, ஒரு ஆப் தமிழ், பக்கத்து ஆப் இங்கிலீஷ், அங்கயும் அதே கூத்து.

டீஃபால்ட் எதுவா வேணா வெச்சுக்கோங்கய்யா. ஸ்விட்ச்னு ஒண்ணு வெச்சா அது வேலை செய்யணும், இல்லன்னா பிடுங்கிப் போடுங்க.

இப்போதைக்கு கீபோர்டுல எக்ஸ் கீ மேல கத்திரிக்கோல் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்கேன், கண்ட்ரோல சேத்து அமுக்குங்கக்கான்னு. கமாண்ட் டைப் பண்ற டெர்மினல்ல அதுவும் கட் பண்ணாது. அதப் பத்தி ஆரம்பிச்சா இன்னைக்கு கடைய மூட முடியாது.