முன்கை முறிந்தால் முழங்கையையும் படம் எடுங்கள்

சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை வீங்கி வரும் பிள்ளைக்குச் சீட்டில் நாம் எழுதுவது "முன்கை எக்ஸ்-ரே". பல சமயம் படம் முழங்கைக்குக் கீழேயே வெட்டுப்பட்டு வருகிறது. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவின் முறிவு பளிச்சென்று தெரிவதால் எல்லார் கண்ணும் அதிலேயே நின்றுவிடுகிறது, மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிடுகிறோம். பக்கத்து எலும்பான ரேடியஸின் தலை, அதாவது அதன் மேல் முனை, முழங்கை மூட்டை விட்டு நழுவிக் கிடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்குப் பெயர் மான்டெஜியா முறிவு. மிலான் நகரத்து அறுவை மருத்துவர் மான்டெஜியா இதை எழுதிவைத்தது 1814இல், எக்ஸ்-ரே வருவதற்கு எண்பது வருடம் முன்னால். கையில் படத்தை வைத்துக்கொண்டு நாம் கோட்டை விடுகிறோமே என்பதுதான் என் எரிச்சல்.

கண்டுபிடிக்க எம்ஆர்ஐ எல்லாம் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். ரேடியஸின் நடுவே கோடு போட்டு மேலே நீட்டினால், எந்தக் கோணத்துப் படமானாலும் அது மேல்கை எலும்பின் கீழ் முனையில் உருண்டையாகத் தெரியும் காபிடெல்லத்தில் போய் முட்ட வேண்டும். முட்டவில்லையா, தலை நழுவியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சில சமயம் அல்னா உடையாமல் வெறுமனே வளைந்திருக்கும், அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம், கட்டு போடுமுன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் நரம்பு அழுந்தியிருக்கலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும், ஆனாலும் முதலிலேயே குறித்துவைக்க வேண்டும்.

உடனே பிடித்துவிட்டால் நிறைய குழந்தைகளுக்குக் கத்தியே தேவைப்படாது. மயக்கம் கொடுத்து அல்னாவை இழுத்து நேராக்கினால் ரேடியஸ் தலை பெரும்பாலும் தானாக உள்ளே போய்விடும், அல்னா நிற்கவில்லை என்றால் கம்பியோ பிளேட்டோ வைக்கலாம். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால் ஒட்டிய அல்னாவை வெட்டிக் கோணம் மாற்றிப் பிளேட் வைக்க வேண்டும், சிலருக்குத் தசைநாரையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும், அப்படிச் செய்தும் கை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

பெற்றோருக்கும் ஒன்று. ஒரு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொன்னால் "கட்டு நல்லாத்தானே சார் இருக்கு" என்று தட்டிக்கழிக்காதீர்கள். கட்டு நன்றாக இருக்கும்போதே உள்ளே தலை மறுபடி நழுவலாம்.