ஹிப்-ஹாப்பின் முதல் பார்ட்டி நைட் கிளப்பில் நடந்ததா?

"1973-இல் மன்ஹாட்டன் நைட் கிளப்பில் நடந்த முதல் ஹிப்-ஹாப் பார்ட்டியின் போஸ்டர் இது" என்று ஒரு வண்ணப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆண்டு மட்டும்தான் சரி.

அந்தப் பார்ட்டி 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்விக் அவென்யூ அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் நடந்தது. ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்! இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். அழைப்பு அச்சடித்த போஸ்டர் அல்ல. சிறு அட்டைகளில் கையால் எழுதியது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம்.

அழகாக வடிவமைத்த துண்டறிக்கைகள் பிறகு வந்தவை. 1970-களின் கடைசியில் 'பட்டி எஸ்குவையர்' என்ற இளைஞர், தேய்த்து ஒட்டும் எழுத்துகளையும் வெட்டி ஒட்டிய படங்களையும் வைத்து, டி-கனெக்‌ஷன் போன்ற பிராங்ஸ் அரங்குகளுக்கு அவற்றைச் செய்தார். அவையும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். வண்ணத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தின் ஹிப்-ஹாப் சேகரிப்பில் அந்தக் காலத் துண்டறிக்கைகளை இணையத்திலேயே பார்க்கலாம். செட்விக் அவென்யூ பார்ட்டியை அமெரிக்க செனட்டின் 2021 தீர்மானமும் குறிப்பிடுகிறது. அந்தப் படம் உங்களுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.