மேல்வீட்டுக் கோல்

(மலேசியாவின் பினாங்கு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி. இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ரவியின் கண் டிவி மேல், அத்தையின் கண் ரவி மேல்.)

அத்தை: மேல்வீட்டில் கோல் என்று கத்துகிறார்கள். இங்கே பந்து இன்னும் நடுத்திடலிலேயே உருண்டுகொண்டிருக்கிறது. அவர்கள் ஜோசியம் பார்க்கிறார்களா?

ரவி: அவர்கள் வீட்டில் இன்னும் செயற்கைக்கோள் தட்டு இருக்கிறது அத்தை. நமக்கு இணையத்தில் வருகிறது. அரை நிமிடம் தாமதமாகும்.

அத்தை: காசையும் கட்டிப் பழைய செய்தி பார்க்கிறாய்.

ரவி: முன்பு போல மொத்தக் கட்டணம் கிடையாதே! எதைப் பார்க்கிறோமோ அதற்கு மட்டும்தான் பணம்.

அத்தை: அப்படியா? நேற்று முதல் பாதியிலேயே குறட்டை விட்டாயே, மீதிப் பாதிப் பணம் திரும்பி வந்ததா?

ரவி: அப்படி இல்லை அத்தை, அது மாதக் கட்டணம்...

அத்தை: போன சனிக்கிழமை 0-0. ஒருவனும் ஒன்றும் போடவில்லை. அதற்குமா வாங்கினார்கள்?

ரவி: ஆட்டத்தைப் பார்த்தோமே!

அத்தை: நீ ஆட்டத்தைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். அதற்கு எந்தச் செயலியில் கட்ட வேண்டும்? சரி, மொத்தம் எத்தனை செயலி?

ரவி: காற்பந்துக்கு ஒன்று. பூப்பந்துக்கு ஒன்று. கார் பந்தயத்துக்கு ஒன்று.

அத்தை: கூட்டிச் சொல்.

ரவி: பழைய பில்லைவிட... எட்டு வெள்ளி அதிகம்.

(மேல்வீட்டில் மறுபடியும் கூச்சல். ரவி காதைப் பொத்திக்கொள்கிறான். திரையில் வட்டம் சுற்றுகிறது. இந்த வட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கு விளையாட்டே பிடிக்காது போலும்.)

ரவி: உலகமே இப்படித்தான் மாறுகிறது அத்தை. அமெரிக்காவில் இஎஸ்பிஎன் விளையாட்டு அலைவரிசை 2025 ஆகஸ்டிலிருந்து தனிச் சந்தாவாகக் கிடைக்கிறது. மாதம் 29.99 டாலர்.

அத்தை: அதற்கு முன்பு?

ரவி: கேபிள் கட்டணத்துக்குள்ளேயே வீட்டுக்கு மாதம் பத்து டாலர் அளவில் அதற்குப் போய்க்கொண்டிருந்தது.

அத்தை: இப்போது மட்டும் ஏன் மூன்று மடங்கு?

ரவி: முன்பு விளையாட்டே பார்க்காத வீடுகளும் சேர்ந்து கொடுத்தன. அவர்கள் கேபிளையே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். எனவே...

அத்தை: அங்கேயும் என்னைப் போல அத்தைகள் இருந்திருக்கிறார்கள் என்று சொல்! இத்தனை வருடம் நாடகம் பார்க்க நான் கட்டிய காசில் உன் ஆட்டக்காரன் பூட்ஸ் வாங்கியிருக்கிறான். ஒரு நாளாவது நன்றி சொன்னானா?

ரவி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக் என்பிஏகூட 11 வருட ஒளிபரப்புக்கு 76 பில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது...

அத்தை: அத்தைகள் கிளம்பிய பிறகா? துணிச்சல்தான்.

(மேல்வீட்டில் ஓலம்.)

அத்தை: இது கோல் இல்லை. தவறவிட்டுவிட்டான். பார்த்துக்கொள்.

(அரை நிமிடம். தவறவிடுகிறான்.)

ரவி: அத்தை, தயவுசெய்து!

அத்தை: 1992இல் கோலாலம்பூரில் இந்தோனேசியாவை 3-2 என்று வென்று பூப்பந்தில் தாமஸ் கிண்ணத்தை எடுத்தோமே, அன்று எங்கள் வரிசை வீடுகள் அத்தனையும் ஒரே நொடியில் கத்தின. இப்போது ஒரு கோலுக்கு மாடி மாடியாகக் கத்துகிறார்கள். பத்தாவது மாடிக்காரன் கொண்டாடிவிட்டுப் படுத்த பிறகுதான் எட்டாவது மாடிக்காரன் குதிக்கிறான்.

ரவி: அமெரிக்காவில் இப்போது மறுபடியும் சேர்த்து விற்கிறார்கள். இஎஸ்பிஎன்னோடு ‘ஃபாக்ஸ் ஒன்’ செயலியும் சேர்த்து மாதம் 39.99 டாலர். இங்கேயும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டணமாகக் கொடுத்தால் எடுத்துவிடலாமா?

அத்தை: பிரித்து விற்றவர்களே இப்போது கட்டி விற்கிறார்களா? அதில் நாடகமும் வருமா?

ரவி: வரும், வரும்!

அத்தை: அப்படியானால் எடு. பில் மட்டும் உன் பெயரில் வரட்டும். கொஞ்ச நாள் உன் காசில் நான் நாடகம் பார்க்கிறேன்.