மானியம் இரு பக்கமும் இருந்தது

விமானத் தயாரிப்பில் ‘ஐரோப்பாவின் ஏர்பஸ் அரசுப் பணத்தில் வளர்ந்தது, அமெரிக்காவின் போயிங் சந்தையில் தனித்து நின்று வென்றது’ என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதிதான் உண்மை. புதிய விமானங்களை உருவாக்க பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் அரசுகள் ஏர்பஸ்ஸுக்குச் சந்தையைவிடக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தன. அது விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பு தீர்ப்பளித்ததும் சரிதான். ஆனால் அதே அமைப்பு போயிங்கையும் விட்டுவைக்கவில்லை. நாசாவும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் கொடுத்த ஆய்வு நிதி, வாஷிங்டன் மாநிலத்தின் வரிச்சலுகை ஆகியவற்றையும் மானியம் என்றே கண்டது.

2004-இல் தொடங்கிய இந்த வழக்கில், ஆண்டுக்குச் சுமார் 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மீது வரி விதிக்க 2019-இல் அமெரிக்காவுக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு அனுமதி கிடைத்தது. முதல் தீர்ப்பை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது நியாயமே இல்லை. விமானத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரெஞ்சு ஒயின், ஸ்காட்ச் விஸ்கி தயாரிப்பாளர்கள் அமெரிக்க வரியைச் சுமந்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 2021-இல்தான் இரு தரப்பும் வரிகளை ஐந்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன.