ஒரு கெட்சாலுக்காகச் சண்டை வேண்டாம்

குவாத்தமாலாவில் ஆன்டிகுவாவிலிருந்து அட்டிட்லான் ஏரிக்கரைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே ஓடும் வேன். தங்கும் விடுதியின் வாசலில் ஏற்றிக்கொண்டு நேராக ஏரிக்கரை ஊரான பனாஹாசெலில் இறக்கிவிடும். இன்னொன்று உள்ளூர் பஸ். சிமால்டெனாங்கோ, லாஸ் என்குவென்ட்ரோஸ், சோலோலா என்று மூன்று இடங்களில் மாறிப் போக வேண்டும். செலவு, வேனுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். நான் பஸ்ஸில் போனேன். இனி போனாலும் பஸ்ஸில்தான் போவேன். ஆனால் அந்த மலிவைப் பற்றி முதுகுப்பைப் பயணிகள் பேசுகிற விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த உள்ளூர் பஸ்ஸுக்கு 'சிக்கன் பஸ்' என்பது வெளிநாட்டவர் வைத்த பெயர். குவாத்தமாலா மக்கள் 'காமியோனெட்டா' என்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற மஞ்சள் பஸ்கள்தான் இவை. அங்கே வயதாகி ஏலத்துக்கு வந்ததும் வாங்கி, மெக்சிகோ வழியாக ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பட்டறையில் மலைச்சாலைக்குத் தோதான கியர்பெட்டி மாற்றுகிறார்கள், கூரைமேல் சாமான் வைக்கக் கம்பிச்சட்டம் அடிக்கிறார்கள், பின்பக்கம் ஏணி வைக்கிறார்கள். சிவப்பும் பச்சையுமாக வண்ணம் பூசி, பலவற்றின் நெற்றியில் ஒரு பெண்ணின் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். நான் ஏறிய பஸ்ஸில் பின்கதவுக்கு மேலே 'அவசர வழி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது.

இருக்கையும் பழையதுதான். சுமார் ஒரு மீட்டர் அகலம், பிள்ளைகளின் உடம்புக்கு ஏற்ற அளவு. அதில் மூன்று பெரியவர்கள் உட்காருகிறார்கள். ஏறி வருபவர் 'கோன் பெர்மிசோ' என்று மெல்லச் சொல்லி அனுமதி கேட்பார், இருவரும் ஒதுங்குவார்கள். மூன்றாமவருக்குக் கிடைப்பது பாதி இடம்தான், மீதி உடம்பு நடைபாதையில் தொங்கும். எதிர் வரிசையிலும் இதே கதி. ஆக நடைபாதையில் இரண்டு பேர் தோளோடு தோள் முட்டுக்கொடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு பக்கம் நான். எனக்கு முட்டுக்கொடுத்தவர், பூவேலை நெய்த ரவிக்கை அணிந்த வயதான அம்மா. மடியில் துணி மூடிய கூடை. வலதுபுறம் வளைவு வந்தால் அவர் பாரம் என்மேல், இடதுபுறம் வந்தால் என் பாரம் அவர்மேல். அவர் பேசியது கக்சிக்கேல் என்ற மாயா மொழி, எனக்குத் தெரிந்தது நாலு வார்த்தை ஸ்பானிஷ். ஒவ்வொரு பெரிய வளைவுக்கும் முன்னால் என் முழங்கையைத் தொட்டு எச்சரித்தார். அந்தச் சாலை அவருக்கு மனப்பாடம்.

இந்த நெரிசலுக்குள் புகுந்து காசு வாங்குபவர் 'அயுதாந்தே', அதாவது உதவியாளர். டிக்கெட் என்று எதுவும் கையில் தருவதில்லை. யார் எங்கே ஏறினார், எங்கே இறங்குவார், யாருக்குச் சில்லறை பாக்கி, எல்லாம் அவர் தலைக்குள். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏணியில் ஏறிக் கூரைமேல் மூட்டைகளை அவிழ்த்துவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே இறங்குவார். நான் பார்த்தவருக்கு இருபது வயது இருந்தால் அதிகம்.

அவரிடம்தான் என் பின்னால் இருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் சண்டை போட்டார். விடுதியில் கேள்விப்பட்டதைவிடக் கூடுதலாக ஒன்றிரண்டு கெட்சால், அதாவது அந்த நாட்டுப் பணம், உதவியாளர் கேட்டுவிட்டாராம். ஏமாற்று, கொள்ளை என்று குரல் உயர்ந்தது. பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. என் பக்கத்து அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சிலர் வெளிநாட்டவரிடம் கூடுதலாகக் கேட்பது உண்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கட்டணம் ஏன் அவ்வளவு குறைவு என்று ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டாமா? பெரும்பாலும் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. முதலாளிக்கு அன்றாடம் கட்ட வேண்டியதும் டீசலும் போக மிஞ்சுவதுதான் வருமானம். ஒரு இருக்கையில் மூன்று பேர் உட்காருவதும், முன்னால் போகிற பஸ்ஸை வளைவில் முந்துவதும் இதனால்தான். இதற்குமேல் கொள்ளைக் கும்பல்களின் மாமூல். முக்கியமாகத் தலைநகரத்திலும் அதைச் சுற்றியும், மாமூல் தர மறுத்ததற்காகவும் தாமதித்ததற்காகவும் ஓட்டுநர்களும் உதவியாளர்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலில் நிற்கும் ஒரு பையனிடம், ஒரு வாரப் பயணத்தில் நாம் காபிக்குச் செலவழிப்பதில் நூறில் ஒரு பங்கைக் கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கத்துவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

நான் செய்வது இதுதான். ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வேன். சில்லறை நோட்டுகளைத் தனியாகச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். கேட்டது சற்றுக் கூடுதலாக இருந்தால் ஒருமுறை உள்ளூர்க் கட்டணத்தைச் சொல்லிப் பார்ப்பேன். அதற்கு மேல் பேச்சில்லை. பெரிய பை கூரைக்குப் போய்விட வேண்டும். அதற்கு இருக்கையில் இடம் பிடிப்பது இன்னொருவரை நிற்க வைப்பது. சக பயணிகளின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள். அவர்கள் சந்தைக்குப் போகிறார்கள், மருத்துவமனைக்குப் போகிறார்கள், நமக்குக் காட்சியாக வரவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா பஸ்ஸிலும் ஏறிவிடவும் வேண்டாம். தலைநகரத்தின் நகரப் பஸ்களை நான் தவிர்த்தேன். இருட்டிய பிறகு எந்த உள்ளூர் பஸ்ஸிலும் ஏறவில்லை. மதியத்துக்குள் கடைசி மாற்றத்தை முடித்துவிடும்படி விடியற்காலையிலேயே கிளம்பினேன். பயமாக இருந்தால் வேனில் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லாஸ் என்குவென்ட்ரோஸ் வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் தந்த நோட்டுக்குச் சில்லறை பாக்கி இருந்ததையே மறந்துவிட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, கூரையிலிருந்து வந்த பையை வாங்கும்போது அந்தப் பையன் ஏணியிலிருந்து குதித்து ஓடிவந்து என் உள்ளங்கையில் மூன்று நாணயங்களை வைத்தான். ஒரு கெட்சால் நாணயம் மூன்று. அதில் 'பாஸ்', அதாவது சமாதானம் என்ற சொல்லையே புறா வடிவத்தில் எழுதியிருப்பார்கள். 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996இல் உடன்படிக்கையோடு முடிந்ததன் நினைவாக வந்த நாணயம் அது. நன்றி சொல்ல நிமிர்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவன் பின் ஏணியில் தொற்றிக்கொண்டு அடுத்த ஊரின் பெயரைக் கூவத் தொடங்கியிருந்தான்.