தண்டவாளத்தோடு சேர்த்தே பாதையையும் போட்டுவிடுங்கள்

லைட் ரயில் (நகருக்குள் ஓடும் இலகுவகை மின்சார ரயில்) திட்டத்தில் பட்ஜெட் எகிறியதும் முதல் வெட்டு விழுவது ஓரத்தில் வரும் நடை-சைக்கிள் பாதைமேல்தான். "முதல்ல ரயில் ஓடட்டும், பாதையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த "அப்புறம்"தான் விலை அதிகம்.

பாஸ்டனை ஒட்டிய சோமர்வில்லைப் பாருங்கள். அங்கே ஓடும் லைட் ரயில் தடமான கிரீன் லைனை நீட்டிக்கும் செலவு 2015-ல் கைமீறிப் போனதும், பாதையின் ஒரு பகுதியைக் கத்தரித்தார்கள். 2017 டெண்டரில் "முடிந்தால் சேர்த்துத் தாருங்கள்" என்ற ஆறு கூடுதல் வேலைகளில் ஒன்றாக அது திரும்பி வந்தது. டெண்டர் எடுத்தவர்கள் ஆறையுமே சேர்த்துக்கொண்டார்கள். 2022-ல் ரயில், 2023 ஜூனில் சுமார் 3 கிலோமீட்டர் பாதை. ஈஸ்ட் சோமர்வில் ஸ்டேஷனுக்குள் போவதே இந்தப் பாதை வழியாகத்தான். கூடுதல் வேலையாம்!

ரயில் ஓடத் தொடங்கியபின் பக்கத்தில் தோண்டுவது வேறு வேலை. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பரின் நுனியிலிருந்து ரயிலின் பாரம் சாய்வாகக் கீழே இறங்குகிறது. அந்தச் சாய்வுக்குள் பள்ளம் வெட்டினால் ஜல்லி சரியும், தண்டவாளம் இறங்கும். அதனால் துளையிட்டு H இரும்புத் தூண்களை நட்டு, நடுவே பலகை செருகி, தினமும் தண்டவாள மட்டத்தை அளந்துகொண்டே தோண்ட வேண்டும். கிரேன் கை மின்கம்பிப் பக்கம் திரும்பும் வேலையென்றால் கடைசி ரயில் போனபிறகுதான். இரவில் நாலு மணி நேரம் கிடைக்கிறது என்று வையுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, எர்த் கிளாம்ப் மாட்டி, விடியுமுன் எல்லாவற்றையும் கழற்றி, ஆட்களை எண்ணி வெளியேற்றினால், உருப்படியாகக் கையில் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம்கூட இருக்காது. கூலி மட்டும் முழு ராத்திரிக்கு.

பாதைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே போடும் வேலியில் நடக்கும் தப்பு யார் கண்ணிலும் படாது. கிரீன் லைனில் ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது 600 வோல்ட் டி.சி. கம்பி அறுந்து இரும்பு வேலியில் விழுந்தால் தொடுபவர் கதி? வேலியைத் துண்டு துண்டாக எர்த் செய்ய வேண்டும், கேட் கீலுக்குக் குறுக்கே செம்புப் பட்டை இணைப்பும் வேண்டும். கையருகே இருக்கிறதே என்று அதைத் தண்டவாளத்தோடு கட்டிவிடாதீர்கள். கசியும் மின்னோட்டம் வேலிக்கால்கள் வழியாக மண்ணில் இறங்கி, அவற்றை அடியிலிருந்தே அரித்துவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். பாதைக்கு 1 முதல் 2 சதவீதக் குறுக்குச் சரிவு போதும், ஆனால் தண்டவாளப் பக்கம் சரிக்கவே கூடாது. மண் கலந்த நீர் ஜல்லி இடுக்கை அடைத்தால் ஒவ்வொரு ரயிலுக்கும் சேறு பொங்கும். பாதைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் தனி வடிகால் விடுங்கள். தாங்குசுவரை ஒட்டி 3 அடிக்குள் பெரிய ரோலரை ஓட்டாதீர்கள், சுவர் வெளியே தள்ளிக்கொள்ளும்.

அகலம் 10 அடிக்குக் குறையாமல், இருபுறமும் 2 அடி விளிம்பு. அந்த விளிம்பைத் திருடித்தான் வரைபடத்தில் "இடம் இருக்கிறது" என்று காட்டுவார்கள். வேலி உரசும் தூரத்தில் இருந்தால் ஹேண்டில்பார் மாட்டும் பயத்தில் எல்லோரும் நடுவிலேயே ஓட்டுவார்கள், எதிரே குழந்தை வண்டி வந்தால் இருவரும் நிற்க வேண்டியதுதான்.

தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ரயில் சக்கரத்தின் விளிம்பு போக விடும் இடுக்கு அமெரிக்க விதிப்படி இரண்டரை அங்குலம் வரை இருக்கலாம், சைக்கிள் டயர் தாராளமாக இறங்கும். ஆகவே பாதையை வளைத்தாவது 90 டிகிரிக்குப் பக்கமாகக் கடக்க வையுங்கள். 60-க்குக் கீழே போனால் மழை நாளில் வழுக்கி விழுவார்கள்.