திமில் இல்லாத காளைக்குக் கிடைத்த கைதட்டல்

ஒரு பெரிய கடைக்காகச் செயற்கை நுண்ணறிவில் செய்த அந்தப் பொங்கல் விளம்பரத்தை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் இங்கே மறுபடியும் ஒட்டப்போவதில்லை. கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை; போதுமான இலவச விளம்பரம் அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. உண்மையில் எனக்கு அந்தக் கடை மீதுகூடப் பெரிய கோபம் இல்லை. அதே விளம்பரத்தை எடுத்து, ‘இந்தப் பண்டிகைக் காலத்தின் சிறந்த டிசைன் இன்ஸ்பிரேஷன்கள்’ என்ற தொகுப்பில் முதல் படமாக வைத்து, அதற்குக் கீழே நம் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்தவர்களே வரிசையில் நின்று கைதட்டினார்களே, அதுதான் இரண்டு நாட்களாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கைதட்டியவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். படத்தில் நிற்கும் ஜல்லிக்கட்டுக் காளைக்குத் திமில் இல்லை. கொம்பு இருக்கிறது, கழுத்தில் மாலை இருக்கிறது, மூக்கிலிருந்து புகைகூட வருகிறது, ஆனால் முதுகு வெளிநாட்டுப் பால் மாட்டின் முதுகைப்போல வழுவழுவென்று நேராகப் போகிறது. வாடிவாசலில் அந்தக் காளை வெளியே வந்தால் வீரர்கள் எதைப் பிடித்துத் தொங்குவார்கள் என்று படம் போட்டவர் யோசித்தாரா? பொங்கல் வைக்கும் பெண்ணின் முந்தானை வலது தோளின் மேல் முன்பக்கமாக விழுகிறது. அது குஜராத்தில் கட்டும் முறை. போதாக்குறைக்கு வானம் முழுவதும் பட்டங்கள் வேறு பறக்கின்றன; அதுவும் அங்கேயிருந்தே வந்திருக்க வேண்டும். வாசலில் போட்டிருப்பது சிக்குக் கோலமாம். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைச் சுற்றி வளைந்து போகும், புள்ளியைத் தொடாது, எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே வந்து சேரும். இந்தப் படத்தில் இழை நேராகப் புள்ளியில் போய் முட்டி அங்கேயே செத்துவிடுகிறது. கீழே பெரிய எழுத்தில் இருக்கும் ‘பொங்கல்’ என்ற சொல்லில் ங-வின் மேல் இருக்க வேண்டிய புள்ளி க-வின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவையும் நான் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. தை மாதத்தில் ஏதாவது ஒரு தெருவில் நடந்துபோன எவருக்கும் தெரியக்கூடியவை இவை. அப்படியானால் அந்தப் படம் கணினித் திரையிலிருந்து சாலையோர ஃப்ளெக்ஸ் வரைக்கும் வந்து சேர்ந்த வழியில், பொங்கலைப் பார்த்த ஒரு மனிதர்கூட அதைப் பார்க்கவில்லை என்றுதானே பொருள்? நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“சார், இதையெல்லாம் மக்கள் யார் சார் உத்துப் பாக்குறாங்க?” என்று, இந்தக் குறைகளைச் சொன்னதும் சிலர் உடனே கேட்டுவிட்டார்கள். போன பதிவின் கீழேயும் நாலைந்து பேர் இதையேதான் கேட்டிருந்தார்கள். மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்குப் பண்டிகை விளம்பரத்தின் வரலாற்றிலேயே மிகப் பிரபலமான சான்று இருக்கிறது. கோகோ கோலா நிறுவனத்துக்காக ஹாடன் சண்ட்ப்ளோம் என்ற ஓவியர் 1931 முதல் 1964 வரை கிறிஸ்துமஸ் தாத்தாவை வரைந்தார். இன்று உலகம் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் அந்தக் குண்டுக் கன்னத்துச் சிரித்த முகத்தை நிலைநிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் ஓய்வுபெற்ற விற்பனையாளரான நண்பர் ஒருவரை உட்காரவைத்துப் பார்த்து வரைந்தார். அந்த நண்பர் இறந்த பிறகு, கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைந்தார். ஓர் ஆண்டு தாத்தாவின் இடுப்புப் பட்டை திரும்பியிருந்தது என்றும், இன்னோர் ஆண்டு விரலில் திருமண மோதிரத்தைக் காணோம், பாட்டிக்கு என்ன ஆயிற்று என்றும் மக்கள் நிறுவனத்துக்கே கடிதம் எழுதினார்கள். ஒரு குளிர்பான விளம்பரத்தில் இருக்கும் மோதிரத்தைப் பார்த்த மக்கள், ஊருக்கு நடுவில் இருபதடி உயரத்தில் நிற்கும் காளையின் முதுகைப் பார்க்க மாட்டார்களா?

அதே நிறுவனம் 2024-இல், 1995 முதல் எல்லோருக்கும் பழக்கமான தன் சிவப்பு லாரி ஊர்வல விளம்பரத்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மறுபடியும் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 2025-இலும் விடாமல் செய்தது. அப்போதும் லாரியின் வடிவம் காட்சிக்குக் காட்சி மாறுவதை எடுத்துக்காட்டிக் கேலி செய்தார்கள். நெதர்லாந்தில் மெக்டொனால்ட்ஸ் அதே 2025 டிசம்பரில் இப்படி ஒரு கிறிஸ்துமஸ் விளம்பரத்தை வெளியிட்டு, திட்டு தாங்காமல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தச் செய்திகளை எல்லாம் டிசம்பர் முழுவதும் பகிர்ந்து, “ஆன்மா இல்லை, உயிர் இல்லை” என்று எழுதித் தள்ளியவர்கள்தான், நம் ஊர்க் காளைக்குத் திமில் காணாமல் போனபோது நெருப்புக் குறியும் இதயக் குறியும் போட்டார்கள். வெள்ளைக்காரத் தாத்தாவின் லாரிக்குக் கிடைத்த மரியாதைகூட அலங்காநல்லூர்க் காளைக்குக் கிடைக்கவில்லை.

என்னைத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று சொல்வோருக்கு நீண்ட பதில் தேவையில்லை. போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் ‘கெ’ போன்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்ற காலத்திலிருந்து, எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் மாறி, அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பு அங்கே திறந்ததும் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலத்திலிருந்து இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்துகிறேன். பின்னணியை நீக்குவதற்கும் படத்தை நீட்டுவதற்கும் அதைவிட வசதியானது இல்லை. எந்தக் கருவியில் செய்தார்கள் என்பது என் கவலை இல்லை. செய்து முடித்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்கிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்டது தென்மாவட்டத்து ஆஃப்செட் அச்சகம் ஒன்றில். வெளியே இருப்பவர்களுக்குப் பண்டிகைக் காலம் என்றால் தீபாவளியில் தொடங்கும். எங்களுக்கு ஆடியிலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்றே பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். அங்கிருந்து தை வரைக்கும் இரவு பகல் தெரியாது. அப்படி ஓர் இரவில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. லே-அவுட் பார்த்தாயிற்று, புரூஃப் பார்த்தாயிற்று, கடைக்காரர் கையெழுத்தும் போட்டாயிற்று. முதல் தாள்கள் நான்கு கலரும் ஏறி வெளியே வந்தபோது மெஷின்மேன் அண்ணன் ஒரு தாளை உருவி விளக்கின் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். “தம்பி, இங்க வா. முருகன் இடது கையால ஆசீர்வாதம் பண்றாரு பாரு.” அச்சுத் தகடு எடுக்கும் ஃபிலிமில் படத்தின் பாசிட்டிவை மட்டும் யாரோ திருப்பி ஒட்டியிருந்தார்கள். எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்ததால் அத்தனை பேர் கண்ணிலும் அது தப்பிவிட்டது. பிளேட்டுகளைத் தூக்கிப்போட்டு மறுபடியும் போட்டோம். முதலாளி கத்தினார், ஆனால் அண்ணனைப் பார்த்துக் கத்தவில்லை.

அவர் வடிவமைப்பு படித்தவர் இல்லை. கோடு, வெளி, சமநிலை என்றெல்லாம் அவருக்குப் பேசத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், அவ்வளவுதான். அந்தக் காலண்டர் எந்த வீட்டுச் சுவரில் தொங்கும், அதன் முன்னால் யார் விபூதி பூசிக்கொண்டு நிற்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாடகத் திரைகள் வரைந்த கையால் கோவில்பட்டியில் உட்கார்ந்து காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் ஏறி இத்தனை வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன என்றால், வரைந்தவருக்கும் அச்சடித்தவருக்கும் மாட்டி வைத்தவருக்கும் ஒரே பரிச்சயம் இருந்ததுதான் காரணம். நம் ஆட்கள் ‘இன்ஸ்பிரேஷன்’ தேடி பின்டரெஸ்ட் என்ற படத் தளத்தைத் தோண்டும்போது இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராது. பழைய தீபாவளி மலர்களின் அட்டைகள் வராது. தபாலில் வந்த பொங்கல் வாழ்த்து அட்டைகளின் எழுத்து வராது. வண்ணங்களுக்கு எண் கொடுத்துத் தரப்படுத்தும் பேன்டோன் நிறுவனம் 2025 டிசம்பரில் 2026-க்கான வண்ணம் என்று ‘கிளவுட் டான்சர்’ என்ற பெயரில், 11-4201 என்று எண் போட்டு ஒரு வெள்ளையை அறிவித்ததும், பொங்கல் வேலையில் அதை எப்படிக் கொண்டுவரலாம் என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நான்கு வண்ண அச்சில் வெள்ளை என்பது மை ஏறாத தாள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வாசலில் அரிசி மாவும் காவியும் இருக்கிறதே, அது எந்த ஆண்டின் வண்ணம் என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

சிறிய கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி தன் கைபேசியிலேயே ஒரு வாழ்த்துப் படம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பல மாடிக் கடையும், ஒவ்வொரு மாடிக்கும் நகரும் படிக்கட்டும் கட்டியவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்த குற்றச்சாட்டு, எனக்குப் பொறாமையாம். வேலை கைநழுவிப் போன எரிச்சலில் எழுதுகிறேனாம். சரி, அதையும் பேசிவிடுவோம். வேலை போயிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பல ஆண்டுகளாக ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னிடம் வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் இந்த முறை வரவில்லை. நானே அழைத்துப் பேசியபோது, “அஞ்சு நிமிஷத்துல அதுவே போட்டுக் குடுத்துருது, நீங்க எதுக்குங்க ஒரு வாரம் எடுக்குறீங்க?” என்று வெள்ளந்தியாகவே கேட்டார். கோபப்பட முடியாத குரல் அது. ஒரு வாரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குச் சொல்ல முயன்றேன். கரும்புக்கட்டு இறங்கும் இடத்துக்குப் போய், தோகையோடு சாய்த்து வைத்த கரும்பு எப்படி நிற்கிறது என்று பார்ப்பேன். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தை எந்தப் பக்கமாக முடிகிறார்கள் என்று என் அத்தையிடம் கேட்பேன். எழுத்தைப் பென்சிலால் வரைவேன், அழிப்பேன், மறுபடியும் வரைவேன். இதற்கெல்லாம் பில்லில் தனி வரி கிடையாது, அதனால் இவை நடப்பதாக யாருக்கும் தெரியாது. எத்தனையோ தீபாவளிகளுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு, “தம்பி, ஒரு சின்ன கரெக்‌ஷன், லோகோவைக் கொஞ்சம் பெருசாக்கிடுங்க” என்ற அழைப்புக்கு எழுந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும். அந்த இரவுகளில் யாரும் எங்களைக் கலைஞர் என்று அழைக்கவில்லை. இப்போது குறை சொன்னவுடன் மட்டும், “கலைஞர்களுக்குப் பெருந்தன்மை வேண்டும்” என்று பாடம் எடுக்கிறார்கள்.

பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் பொறாமையால் அந்தக் காளைக்குத் திமில் முளைத்துவிடாது.

“குறை சொல்வதற்குப் பதிலாக நல்லதைப் பாராட்டலாமே” என்று மூத்தவர் ஒருவர் அறிவுரை சொல்லியிருந்தார். பாராட்டத்தான் போனேன் ஐயா. அதே தொகுப்பில் கடைசியில் ஒரு படம் இருக்கிறது. கோல இழையையே எழுத்தாக வளைத்து ‘தைப்பொங்கல்’ என்று கையால் வரைந்த வேலை. கொம்பின் சுழி முடிகிற இடத்திலிருந்தே அடுத்த எழுத்தின் இழை கிளம்புகிறது, எந்தப் புள்ளியிலும் முட்டவில்லை, எங்கும் அறுபடவில்லை. வரைந்த பெண்ணை எனக்குத் தெரியும். வாசலில் மாவால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படத்தின் கீழே ‘நன்றி: இணையம்’ என்று போட்டிருக்கிறார்கள். முதல் படத்தின் கீழே கடையின் பெயர், விளம்பர நிறுவனத்தின் பெயர், போதாததற்குப் படத்தை உருவாக்கிய மென்பொருளின் பெயர் வரைக்கும் இருக்கிறது. இயந்திரத்துக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு இல்லை. பெயர் ஏன் இல்லை என்று தொகுத்தவர்களிடம் கேட்டு எழுதினேன், “தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை” என்று பதில் வந்தது. படத்தின் வலது மூலையில் அவர் தன் பெயரைச் சிறியதாக எழுதித்தான் வைத்திருக்கிறார். இங்கேயும் அதே கதைதான், யாரும் பார்க்கவில்லை.

சித்திரைக்கு இன்னொரு தொகுப்பு வரப்போகிறதாம். என் வேலைகளில் ஒன்றிரண்டை அனுப்பச் சொல்லி நேற்று உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள், ‘நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும் சார்’ என்ற உறுதிமொழியோடு. அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழே பெயர் ஏறிய பிறகு பேசலாம் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். நீல நிற டிக் விழுந்துவிட்டது; இதை எழுதி முடிக்கும் வரை பதில் இல்லை.